செவ்வந்தி எந்த நந்தவனத்தது?

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் மாணிக்க விநாயகரை வணங்கிப் படியேறும் அன்பர்கள், தாயுமான சுவாமி சந்நிதியை அடைந்ததும் ஒரு விந்தையைக் காண்பார்கள். பெருமான் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்புறத்தில் நிற்கிறது. கொடிமரத்தைக் கண்டு வணங்கி, அதன் எதிரே சுவாமியைத் தரிசிப்பதுதான் வழக்கம். இங்கே மட்டும் ஏன் இந்த மாற்றம்? ஆதியில் பெருமான் கிழக்கு நோக்கியே இருந்தார் என்றும், ஒரு முறையீட்டைக் கேட்டு மேற்கே திரும்பினார் என்றும் தலபுராணம் கூறுகிறது. அந்த முறையீடு ஒரு பூவைப் பற்றியது.

சாரமா முனிவர் என்னும் தவசீலர் இத்தலத்தில் செவ்வந்தி நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மலர் பறித்துப் பெருமானுக்குச் சாத்தி வந்தார். அதனால் இறைவனுக்குச் செவ்வந்திநாதர் என்னும் திருநாமமும் உண்டாயிற்று. பூ வணிகன் ஒருவன் அந்த மலர்களைத் திருடி, உறையூரிலிருந்து ஆண்ட சோழ மன்னனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மலரின் அழகிலும் மணத்திலும் மயங்கிய மன்னன், தன் தேவிக்கு நாள்தோறும் அதைக் கொண்டுவரும்படி பணித்தான். நந்தவனத்தில் பூ குறைவதைக் கண்ட முனிவர், காத்திருந்து கள்வனைப் பிடித்தார். அரசனிடம் சென்று முறையிட்டார். மன்னன் அதைப் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்த முனிவர் இறைவனிடமே முறையிட்டார். பெருமான் உறையூர் இருந்த மேற்குத் திசை நோக்கித் திரும்பினார். மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்தது.

இந்த வரலாற்றைச் சிறு வயது முதல் கேட்டவர்களுக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. திருடியவன் பூ வணிகன். அப்படியிருக்க, பெருமானின் சினம் அரண்மனை இருந்த திசையை நோக்கித் திரும்பியது ஏன்?

திருட்டு ஒருவனுடைய குற்றம். அந்தத் திருட்டுப் பொருளை, எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கிக்கொண்டது இரண்டாவது குற்றம். உண்மை தெரிந்த ஒருவர் வாயிலில் வந்து நின்று சொன்ன பிறகும் செவி சாய்க்காதது மூன்றாவது குற்றம். முதல் குற்றத்தை எந்த ஊரிலும், எந்தத் தொழிலிலும் முற்றிலும் தடுத்துவிட இயலாது. இரண்டாவதும் மூன்றாவதும் தலைமையில் இருப்பவரின் கையில் உள்ளவை. அவற்றை அவர் செய்துவிட்டால், திருட்டு ஒருவனுடைய செயலாக நின்றுவிடாது. அந்த இடத்தின் வழக்கமாகவே மாறிவிடும். சிறு கடையாயினும், ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமாயினும், அறம் நிலைப்பதும் நிலைகுலைவதும் இந்த இரண்டு கேள்விகளைப் பொறுத்தவை. வருகின்ற பொருள் எந்த வழியில் வருகிறது என்று மேலே இருப்பவர் கேட்கிறாரா? தவறைக் கண்டவர் அஞ்சாமல் சொல்ல அங்கே ஒரு வாயில் உண்டா?

மண்மாரியின் கதை இத்துடன் முடியவில்லை. பூவைத் திருடாதவர்களும், அதைச் சூடாதவர்களும், அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் அன்று வீடிழந்தார்கள். அவர்கள் உறையூர் வெக்காளியம்மனிடம் ஓடி அடைக்கலம் புகுந்தனர். தன் மக்கள் அனைவருக்கும் வீடு அமையும் வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அன்னை வெட்டவெளியில் அமர்ந்தாள் என்பது நம்பிக்கை. இன்றும் அவள் கருவறைக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவள்மீதே படுகின்றன. மேலே இருப்பவர் செய்யும் அதர்மத்தின் சுமை கீழே இருக்கும் நிரபராதிகளின் தலையில்தான் விழும் என்பதற்கு வானமே கூரையான அந்தச் சந்நிதியைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்க இயலாதபடி, அண்மைக் காலத்திலேயே ஒன்று நடந்தது. ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய கணினி நிறுவனத்தின் பெயர் சத்யம். உண்மை என்பதையே பெயராகக் கொண்ட அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 50,000 பேர் பணியாற்றினர். நல்ல நிர்வாகத்துக்கென்று வழங்கப்படும் விருது ஒன்று 2008-ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்தது. சில மாதங்களே கழிந்தன. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் பெருக்கிக் காட்டப்பட்டன என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பொய்க் கணக்கின் அளவு 7,000 கோடி ரூபாய்க்கும் மேல். பங்கின் விலை ஒரே நாளில் சரிந்தது. பணி ஓய்வில் கிடைத்த தொகையை நம்பிக்கையோடு அதில் போட்டிருந்தவர்களும், இரவு பகலாக நேர்மையாக உழைத்த இளைஞர்களும் மண்மாரியில் நின்றவர்களைப் போலத் திகைத்தனர். அரசு தலையிட்டுப் புதிய நிர்வாகக் குழுவை அமைத்தது. சில மாதங்களில் வேறொரு நிறுவனம் அதை ஏற்று நடத்த முன்வந்ததால் பெருந்துன்பம் ஓரளவு தணிந்தது. பெயரில் சத்தியம் இருந்தது. சுவரில் விருதும் இருந்தது. கணக்கில் மட்டும் சத்தியம் இல்லை.

அப்படியானால் ஒரு நிறுவனத்தில் அறத்தை எப்படித்தான் வேரூன்றச் செய்வது? அதற்கான விடை, மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற ராஜகோபுரத்தின் நிழலில் இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவரங்கத்தில், ஒரு பெரும் அமைப்பை அறத்தின் வழியில் திருத்தி அமைத்த மகான் ஒருவர் வாழ்ந்தார். அவர் உடையவர் ஸ்ரீராமாநுஜர்.

திருவரங்கம் பெரிய கோயில் அன்றும் ஒரு சிற்றரசு போன்றது. நிலங்கள், நெல், பொன், ஆபரணம், மடைப்பள்ளி, நந்தவனம், நூற்றுக்கணக்கான பணியாளர்கள் என எல்லாம் அதில் அடக்கம். ராமாநுஜர் திருவரங்கத்துக்கு எழுந்தருளியபோது கோயிலின் சாவியும் அதிகாரமும் பெரிய கோயில் நம்பி என்பவரிடம் இருந்தன. அவரை அகற்றிவிட்டால் சீர்திருத்தம் எளிதாகிவிடும் என்று முதலில் தோன்றியதாம். அவ்வாறு அகற்றுவது அரங்கனுக்குத் திருவுள்ளம் அன்று என்பது பிறகு புலப்பட்டது. எனவே கூரத்தாழ்வானைக் கொண்டு நம்பியின் மனத்தை மெல்ல மெல்ல மாற்றினார் உடையவர். கடைசியில் நம்பி தாமாகவே சாவியை ஒப்படைத்தார், சீடரும் ஆனார். உடையவரைப் போற்றி ராமாநுச நூற்றந்தாதி பாடிய திருவரங்கத்தமுதனார் அவரே. ஆளை மாற்றுவதைக் காட்டிலும் ஆளின் மனத்தை மாற்றுவது கடினம். ஆனால் அப்படி மாறியவரைவிட உறுதியான துணை வேறு கிடையாது.

அதன் பிறகு உடையவர் செய்தவை கோயிலொழுகு என்னும் நூலில் விரிவாகக் கூறப்படுகின்றன. ஐந்து கொத்தாக இருந்த பணியாளர்களைப் பத்துக் கொத்தாக விரித்து அமைத்தார். யாருக்கு எந்தக் கைங்கர்யம், எந்த வேளையில், யாருடைய மேற்பார்வையில் என்பதை வரையறுத்தார். ‘எனக்குத் தெரியாது, அது என் பொறுப்பு அன்று’ என்று ஒருவர் மற்றொருவர்மேல் பழிபோட இடம் இல்லாமல் செய்தார். அறிவுரை சொல்வதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. நல்லவர்கள் கூடப் பொறுப்பு தெளிவாக இல்லாத இடத்தில் வழுக்கி விழுவார்கள். சாதாரண மனிதர்களும் ஒழுங்கு தெளிவாக உள்ள இடத்தில் நேராக நடப்பார்கள்.

ஒழுங்கு வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி உண்டாவதில்லை. உடையவர் நாள்தோறும் ஏழு இல்லங்களில் பிக்ஷை ஏற்று அமுது செய்பவர். அவர்மேல் பகை கொண்ட சிலர், ஓர் இல்லத்துப் பெண்மணியின் கையால் அவருக்கு நஞ்சு கலந்த அன்னம் இடச் செய்தனர் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. அவள் கணவனின் கட்டளையை மீற இயலாதவள். உண்மையை வாய்விட்டுச் சொல்லவும் துணிவில்லாதவள். ஆனால் அன்னத்தை இட்டபின், வழக்கத்துக்கு மாறாக, கண்கலங்கி அவர் திருவடியில் விழுந்தாள். என்றும் இல்லாத வணக்கம் இன்று ஏன் என்று உடையவர் ஒரு கணம் நின்றார், உணர்ந்துகொண்டார். அந்த அன்னத்தை விலக்கினார். பிறகு சில நாள் உபவாசம் இருந்தார்.

செய்தி கேட்டு அவருடைய ஆசாரியரான திருக்கோட்டியூர் நம்பி முதிர்ந்த வயதிலும் புறப்பட்டு வந்தார். காவிரியின் கொதிக்கும் மணலில் ஓடிச்சென்று உடையவர் அவர் திருவடியில் விழுந்தார். நம்பி எழுந்திருக்கச் சொல்லாமலே நின்றார். அதைக் காணப் பொறாத கிடாம்பி ஆச்சான் என்னும் சீடர் தம் ஆசாரியரை வாரி எடுத்துத் தம்மேல் தாங்கிக்கொண்டார். ‘இவ்வளவு பரிவுள்ளவரைத்தான் தேடினேன், இனி உமக்குத் தளிகை செய்பவர் இவரே’ என்ற கருத்தில் நம்பி அருளினார். மடைப்பள்ளியின் பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அவர் சோதித்தது கைத்திறத்தை அன்று, மனத்தை.

இங்கே இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உறையூரில் முனிவர் ஒருவர் வாய்விட்டு உரக்கச் சொன்னார், அரசன் கேட்கவில்லை, ஊர் அழிந்தது. திருவரங்கத்தில் பேதைப்பெண் ஒருத்தி வாய் திறக்கவே இல்லை, அவள் கண்ணீரையே சொல்லாகக் கேட்டார் உடையவர், கோயில் தழைத்தது. உடையவர் வகுத்த ஒழுங்கின் அடியொற்றி இன்றும் அரங்கனுக்குக் கைங்கர்யங்கள் நடைபெறுகின்றன. தலைவரின் ஆயுளோடு முடிந்துபோகாத அறமே ஓர் அமைப்பின் பண்பாடு.

கேட்கும் செவி எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாட்டின் சட்டமும் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் முறைகேட்டைக் கண்டவர் தெரிவிப்பதற்கு ஒரு வழி அமைத்திருக்க வேண்டும் என்கிறது. தெரிவித்தவர் பழிவாங்கப்படாமல் காக்கப்பட வேண்டும். தேவையானால் அவர் தணிக்கைக் குழுவின் தலைவரையே நேரில் அணுகலாம் என்றும் அது வகுத்துள்ளது. சாரமா முனிவருக்கு உறையூர் அரண்மனையில் திறக்காத கதவு இதுதான். ஆயினும் சட்டம் கதவைத்தான் வைக்கும். கதவுக்கு அப்பால் செவி இருக்கிறதா என்பது அமர்ந்திருப்பவரைப் பொறுத்தது.

திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கங்களில் கொதிகலன் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல உண்டு. இரும்புக் குழாய்களை இணைக்கும் வெல்டிங் வேலையில், குறை வெளியே தெரியாது. உள்ளே நூலிழை போன்ற ஓர் இடைவெளி இருந்தாலும், பிற்காலத்தில் நீராவியின் அழுத்தம் தாங்காமல் அது உயிரைக் குடிக்கும். அதனால்தான் மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுப்பதுபோல அந்த இணைப்புகளையும் படம் எடுத்துச் சோதிக்கிறார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் மாலையில் ஓர் இணைப்பில் குறை இருப்பதை ஓர் இளம் தொழிலாளி கண்டுபிடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஐயா, இதைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்’ என்று அவன் முதலாளியிடம் சொல்கிறான். ‘நல்ல வேளை, சொன்னாய் தம்பி’ என்னும் விடை வந்தால், அன்று முதல் அந்தக் கூடத்தில் இருபது பேர் நேர்மையானவர்கள் ஆவார்கள். ‘உன்னை யார் பார்க்கச் சொன்னது?’ என்னும் விடை வந்தால், அன்று முதல் இருபது பேரும் குருடர்கள் ஆவார்கள். சுவரில் எத்தனை பொன்மொழி எழுதியிருந்தாலும் அந்த ஒரு விடைதான் அங்கே வேதம்.

சொல்லிலும் நடப்பிலும் ஒன்றாக இருப்பதே பழக்கமாகிப் பண்பாடாகும். மூத்த தலைமுறையினருக்கு இதற்கு எடுத்துக்காட்டு தேவையில்லை. மதுரையில் 1911-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகள் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட் என்று ஓர் இடத்துக்கே அந்த நிறுவனத்தின் பெயர் நிலைத்துவிட்டது. குறித்த நேரத்தில் வண்டி கிளம்புவது சிறிய காரியம்போலத் தோன்றும். ஆனால் நேரத்தை அறிவிப்பது பயணிக்குக் கொடுக்கும் வாக்கு. ஒரு நாளில் பல முறை, பல ஊர்களில், முதலாளியின் கண் படாத இடத்தில், ஓட்டுநரும் நடத்துநரும் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். நாள்தோறும் காக்கப்படும் சிறு வாக்கிலிருந்துதான் பெரிய நேர்மை பிறக்கிறது.

உழைப்பவருக்கு அளக்கும் கூலியிலும் அறம் இருக்க வேண்டும். இதற்கும் திருவரங்கத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. திருமங்கையாழ்வார் அரங்கனுக்கு மதில் எழுப்பும்போது கையிருப்புத் தீர்ந்து, பணியாளர்களுக்குக் கூலி கொடுக்க வழியின்றித் தவித்தார். அரங்கனிடம் முறையிட்டார். கொள்ளிடக் கரையில் ஒரு வணிகர் வந்து நின்றார். தலையில் பாகை, கையில் மரக்கால், ஓலை, எழுத்தாணி. அவர் ஆற்று மணலையே மரக்காலால் அளந்து கூலியாகக் கொடுத்தார். உண்மையாக உழைத்தவர்களுக்கு அது பொன்னாயிற்று; ஏய்த்தவர்களுக்கு மணலாகவே இருந்தது. அந்த வணிகரைத் தொடர்ந்து ஆழ்வார் சென்ற இடம் சுவாமிமலைக்கு அருகில் உள்ள திருஆதனூர். அங்கே ஆண்டளக்கும் ஐயன் என்னும் திருநாமத்தோடு, மரக்காலையே தலையணையாகக் கொண்டு பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார்.

உலகளந்த பெருமாள் வணிகர் வேடம் பூண்டதும், மரக்காலைக் கீழே வைக்காமல் தலைக்கு அணையாகக் கொண்டதும் சிந்திக்கத்தக்கவை. அளவு சரியாக இருக்கும் இடத்தில்தான் ஆண்டவனும் நிம்மதியாகத் துயில்கிறான் போலும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள், பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று கூத்தபிரானின் பெயரே இருந்ததைக் கூறுகின்றன. எடைக்கல்லைத் தொடும்போதெல்லாம் இறைவனின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு எடை குறைக்க யாருக்குக் கை வரும்? திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடுதான் முடிக்கிறார். பிறர் பொருளுக்கும் தம் பொருளுக்குக் காட்டும் அக்கறையையே காட்டுவதுதான் வாணிகம் என்பது அதன் கருத்து.

இவையெல்லாம் தொழில் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை, வீட்டில் ஓய்வாக இருக்கும் முதியவர்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். செவ்வந்தியின் வரலாற்றில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்தப் பூவைச் சூடிக்கொண்ட அரசி. அவள் திருடவில்லை, திருடச் சொல்லவும் இல்லை. கணவன் கொண்டுவந்து கொடுத்தான், வாங்கிக் கூந்தலில் வைத்தாள். ‘நம் தோட்டத்தில் இல்லாத மலர் ஆயிற்றே, இது எந்த நந்தவனத்தது?’ என்று முதல் நாள் அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றே அந்த வணிகனின் வரவு நின்றிருக்கக்கூடும். உறையூரும் பிழைத்திருக்கக்கூடும்.

தீபாவளிக்கு முன்தினம் மகனுடைய அலுவலகத்தோடு தொழில் செய்யும் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வெள்ளிக் குத்துவிளக்கையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். சம்பளத்துக்குப் பொருந்தாத நகை ஒன்று திடீரென்று வீட்டுக்கு வருகிறது. கடையில் மாதம்தோறும் கணக்குக்கு வராத பணம் ஒன்று பையில் வந்து சேருகிறது. அப்போது, ‘எவ்வளவு?’ என்று கேட்கும் வீடும் உண்டு, ‘எப்படி?’ என்று கேட்கும் வீடும் உண்டு. கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. மாலையில் காப்பி கொடுத்துவிட்டு, ‘இது எங்கிருந்து வந்ததப்பா? திருப்பிக் கொடுத்துவிட்டால் உனக்கு ஏதும் சங்கடம் வருமா?’ என்று தாயோ தந்தையோ அருகில் அமர்ந்து கேட்டால் போதும். அலுவலகத்தில் சொல்ல வழியில்லாமல் மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அந்தக் கேள்வியே ஒரு வாயில் திறந்ததுபோல் ஆகும். அவன் நாளை நாலு பேருக்குத் தலைவனாக அமரும்போது, தன்னிடம் வந்து நிற்பவனுக்குச் செவி கொடுக்கவும் அதுவே கற்பிக்கும்.

அடுத்த முறை மலையேறித் தாயுமானவரைத் தரிசிக்கும்போது, கொடிமரத்துக்கு முதுகு காட்டி அவர் எதை நோக்கி நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளலாம். தாயாக வந்து காத்த பெருமான் அவர். முறையிட்டவரின் குரலுக்குத் தம் திசையையே மாற்றிக்கொண்டவரும் அவரே. அவர் சந்நிதியில் செவ்வந்தி வைத்து வணங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள், தங்கள் வீட்டுக்கு வரும் பூ எந்த நந்தவனத்தது என்று கேட்டுப் பழகினால், அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் அறம் என்னும் சொல்லைத் தனியே படிக்க வேண்டியிராது.